ஆசம், பயங்கரம், கடி

ஒரு சின்ன பக்கை சரி பண்ணி அனுப்பினா போதும், அமெரிக்க க்ளையண்ட் "ஆசம்!"னு பதில் போடுவார். ரெண்டு வரி கோடுக்கு எவ்வளவு பெரிய வார்த்தை! 16-ம் நூற்றாண்டுக் கடைசியில ஆங்கிலத்துல அது தலைகாட்டினப்போ, பயபக்தி சம்பந்தப்பட்ட சொல். 1980கள்ல அமெரிக்கப் பசங்க வாயில விழுந்து, வெறும் 'சூப்பர்' ஆகிப்போச்சு. டெரிஃபிக் கதையும் இதேதான். அதுக்கு ஆதியில 'நடுங்க வைக்கிற'ன்னு பொருள்.

சிரிக்காதீங்க மக்களே, நாமளும் 'பயங்கர டேஸ்ட்'னு சொல்லி அல்வா தின்னவங்கதானே :-)

இது இங்கிலீஷைப் பார்த்துக் கெட்டுப்போன தமிழ்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எனக்கு அப்படித் தோணலை.

1841ல் நம்ம இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1856ல் வெளியான ஒப்பிலக்கணத்துல ஒண்ணு சொல்றார். ஒப்பிட்டுச் சொல்றதுக்குத் திராவிட மொழிகள்ல பெயரடையோட ஒட்டுற விகுதி கிடையாது. 'அதைவிட இது நல்லது'ன்னுதான் நாம சொல்லியாகணும். அழுத்தம் வேணும்னாலும் முன்னால தனிச் சொல் ஒண்ணு வந்து நிக்கணும். தொல்காப்பிய உரியியல் உறு, தவ, நனி மூணையும் மிகுதிக்குச் சொல்லுது.

ஆனா என் சாட்சி 'கடி'. (கடி ஜோக் இல்லீங்க!) அந்த ஒரே சொல்லுக்குத் தொல்காப்பியர் அடுக்குற பத்துப் பொருள்ல மிகுதி, சிறப்பு, அச்சம் மூணும் அடுத்தடுத்து உக்காந்திருக்கு. பயமும் பெருமையும் ஒரே சொல்லுக்குள்ள குடியிருக்க, யாரும் கடல் தாண்டி வந்து கத்துக்கொடுக்கலை. அந்தச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதின சேனாவரையரும் தாமிரபரணிக்கரை ஆற்றூர்க்காரர்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

வாதத்துல ஜெயிச்சாச்சு. ஆனா வேற இடத்துல தோத்தேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள்ள வந்துட்டு. ஆச்சிக்கு போன் போட்டு, "பயங்கர மழையா ஆச்சி?"ன்னு கேட்டேன். முந்தின வாரம் பிரியாணிக்குச் சொன்ன அதே வார்த்தை.

ஆச்சி அடைமொழியே போடலை.

"எய்யா, நடுவீட்ல ஆறு ஓடுதுய்யா."

லைன் கட். திரும்பக் கிடைக்க ரெண்டு நாளாச்சு. (ஆச்சி சௌக்கியம்தான்.) அந்த ரெண்டு நாளும் ஊர் எப்படி இருக்குன்னு ஆபீஸ்ல கேட்டவங்களுக்குச் சொல்ல, என்கிட்ட தேயாத சொல் ஒண்ணுகூட மிச்சமில்லை. ஆச்சி சொன்னதைத்தான் அப்படியே திருப்பிச் சொன்னேன்.