விசாவின் நாள்கணக்கும் திருச்சுழியும்

ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் இருக்கிறது. சுந்தரர் பாடிய பூமிநாதர் கோயிலை ஒட்டிய அந்த வீட்டைச் ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் ரமணாசிரமம் பராமரிக்கிறது. திருவண்ணாமலையில் மாதக்கணக்கில் தங்கும் அயல்நாட்டு அடியார்களுக்குத் தெரியாத ஊர் அன்று இது. ஆனாலும் இங்கு வருபவர் குறைவு. வருபவரும் பெரும்பாலும் பொழுதோடு மதுரைக்குத் திரும்பிவிடுகிறார். வானம் பார்த்த பூமி, வசதி கிடையாது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி விசா விதிகளில் இருக்கிறது. அவற்றிலும் கட்டணத்தைவிடத் தங்கும் நாள்கணக்கும் தங்குமிடப் பதிவுமே இந்த வட்டாரத்தை அதிகம் பாதிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாள்கணக்கை முதலில் பார்க்கலாம். மேஜர் சாட்விக் 1935இல் ரமணரிடம் வந்து, 1962இல் இறக்கும்வரை திருவண்ணாமலையிலேயே வாழ்ந்தார். பிரிட்டிஷ் குடிமகனுக்கு அன்று அது எளிது. இன்று சுற்றுலா விசாவில் அப்படியொரு வாழ்க்கையை நினைக்கவே முடியாது. மும்பைத் தாக்குதல் வழக்கில் சிக்கிய டேவிட் ஹெட்லியின் இந்தியப் பயணங்கள் அம்பலமான பின், 2009 இறுதியில் ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. சுற்றுலா விசாவில் வந்து வெளியேறியவர் அடுத்த இரண்டு மாதம் திரும்ப நுழையக் கூடாது என்றது அது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டே இலங்கைக்கோ நேபாளத்துக்கோ ஒரு நடை போய்வந்தவர்களின் பயணத் திட்டம் இதனால் குலைந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கிய 2012 செப்டம்பரிலும் அந்தக் கட்டுப்பாடு உயிரோடுதான் இருந்தது. சில நாட்டவர் நீங்கலாக மற்றவர்களுக்கு அது அவ்வாண்டு இறுதியில்தான் தளர்ந்தது.

2014 நவம்பர் 27 அன்று தொடங்கிய மின் விசா, தூதரக வாசலில் காத்துநிற்கும் வேலையை ஒழித்தது. ஆனால் முதலில் அது தந்தது 30 நாள். 2017இல் 60 நாளானது. ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்கள் 2019இல் வந்தன. முப்பது நாளை வைத்துத் திட்டம் போடுபவர் டெல்லி, ஆக்ரா, காசி, திருவண்ணாமலை, மதுரை என்று நிரப்பிக்கொண்டு வருவார். நாள் குறையக் குறையப் பட்டியலின் வால்தான் முதலில் அறுபடும். அந்த வாலில் இருக்கும் ஊர் திருச்சுழி. விசா எளிதாவதும் விசா நீள்வதும் வேறுவேறு நன்மைகள். முதலாவதால் பெருநகரங்களும், இரண்டாவதால் சிற்றூர்களும் பிழைக்கின்றன.

தங்குமிடப் பதிவு இதைவிட நுட்பமானது. அயல்நாட்டவர் ஒருவருக்கு இடம் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா எண்கள், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்ற விவரங்களை வெளிநாட்டினர் பதிவு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். லாட்ஜ்காரர்கள் இதை ‘சி ஃபார்ம்’ என்பார்கள். பெரிய ஓட்டலுக்கு மட்டுமானதன்று இது. மடம், ஆசிரமம், வாடகைக்கு விடும் வீடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு சட்டங்களை மாற்றி, 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டினர் சட்டமும் இந்தக் கடமையைத் தொடர்கிறது. படிவத்தை இணையத்தில் அனுப்பலாம்; அதற்குமுன் விடுதி தன்னைப் பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். திருச்சுழிக்குப் பக்கத்து அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரிக்கும் கல்யாண வீட்டாருக்கும் அறை விடும் சிறு லாட்ஜ், எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒரு வெள்ளைக்காரருக்காக இந்த வேலையில் இறங்குமா? ‘ரூம் இல்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் மதுரையில் தங்குகிறார். அறை வாடகை, இரவுச் சாப்பாடு, மறுநாள் கார் எல்லாம் மதுரைக்கு.

சாலையும் ரயிலும் சரியில்லாததே காரணம் என்று மறுப்பவர் வரைபடத்தைப் பார்க்கலாம். திருவண்ணாமலை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 38 மதுரையைத் தாண்டி அருப்புக்கோட்டை வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போகிறது. விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நிலையங்கள் உண்டு. மதுரை விமான நிலையம் நகரின் தென்புறம் இருக்கிறது. மின் விசாவில் வந்திறங்கத்தக்க நிலையங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வழி இருக்கிறது, இராத்தங்கலுக்குத்தான் இடமில்லை.

வணிகத்திலும் இதே சாய்வைக் காணலாம். இயந்திரம் பொருத்த வருபவருக்கு வணிக விசா போதுமா, வேலை விசா வேண்டுமா என்பதில் மத்திய அரசு 2009இல் கெடுபிடி காட்டியது. இந்த வட்டாரத்து நூற்பாலைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். அழைப்புக் கடிதம் எழுதவும் பதிவு அலுவலகத்துக்கு அலையவும் அங்கே ஆள் உண்டு. கடல் கடந்தும் இதேதான் நடந்தது. அருப்புக்கோட்டை 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தார் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் இலங்கை போக 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தது. அப்போது பெரிய தடை மண்டபம் முகாமின் நோய்த்தடுப்புச் சோதனைதான். 1948ஆம் ஆண்டின் 20ஆம் எண் இலங்கைக் குடிவரவுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்ததும் விசாவும் தற்காலிக வசிப்பு அனுமதியும் கட்டாயமாயின. முதலாளி வக்கீல் வைத்து வாதாடலாம். அனுமதி புதுப்பிக்கப்படாத கடைச் சிப்பந்தி மூட்டை கட்ட வேண்டியதுதான். விசா விதி எல்லாருக்கும் ஒன்றாக எழுதப்பட்டாலும், எழுதப் படிக்க ஆள் வைத்திருப்பவருக்கு அது ஒரு செலவு, இல்லாதவருக்கு அடைத்த கதவு.

பாதுகாப்புப் பதிவே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. அந்தப் பதிவைச் சிறு விடுதிக்காரர் தலையில் மட்டும் கட்டுவதுதான் தவறு. மாவட்டக் காவல் அலுவலகமும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து, அருப்புக்கோட்டை, திருச்சுழி விடுதிகளையும் தங்க இடம் தர முன்வரும் வீட்டுக்காரர்களையும் ஒரே முகாமில் பதிந்து, படிவம் நிரப்பப் பழக்கிவிடலாம். விசாவைத் திருத்த டெல்லிக்குப் போக வேண்டும். இந்த முகாமை விருதுநகரிலேயே நடத்தலாம். டிசம்பர், ஜனவரியில் ரமண ஜெயந்திக்குக் கூட்டம் சேரும் முன் அதை நடத்த வேண்டும்.