கதவுக்குப் பின்னால் 24 கோடுகள்

டிசம்பர் வந்தாச்சு. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் 24 குட்டிக் கதவு வைத்த சாக்லேட் காலண்டர் அடுக்கி வச்சிருக்காங்க. தினம் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வென்ட் நாட்களை, அதாவது திருவருகைக் காலத்தை, எண்ணுவதற்காக வந்தது இது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்க வீட்டுக் கதவுதான் ஞாபகம் வரும்.

எங்க வீடு நாகர்கோவில் பக்கம். அப்பா துபாயில் வேலை பார்த்தார், ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, டிசம்பர் 24 வர்றேன்னு போனில் சொன்னார். அதுக்கப்புறம் தினமும் அம்மாவிடம் ஒரே கேள்வி: "இன்னும் எத்தனை நாள்மா?" முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுத்தாங்க. "கதவுக்குப் பின்னாடி 24 கோடு போடு. தினம் ஒண்ணு அழி. என்னைக் கேக்காதே."

ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே புராட்டஸ்டன்ட் வீடுகளில் இதையே செய்தார்கள் என்று. கதவிலோ சுவரிலோ சாக்பீஸால் 24 கோடு, பிள்ளைகள் தினம் ஒன்றை அழிப்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் குடிலுக்குள் தினம் ஒரு வைக்கோல் வைப்பார்கள். குழந்தை இயேசு பிறக்கும்போது படுக்கை மெத்தென்று இருக்கணுமே!

அதே கேள்வியிலிருந்து பிறந்த இன்னொரு கதை ஹாம்பர்க் நகரத்தில் நடந்தது. யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற இறையியலாளர், ஏழைப் பிள்ளைகளுக்காக 1833-ல் அங்கே 'ரவுஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஆட்வென்ட் வந்துவிட்டால் பிள்ளைகள் விடாமல் கேட்பார்களாம், "கிறிஸ்துமஸ் எப்போ?" 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். அதன்மேல் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி. ஞாயிற்றுக்கிழமை பெரியது, மற்ற நாட்களில் சின்னது.

கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வருஷம் டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. 24-ஆம் தேதி வரைக்கும் 4 ஞாயிறு, 20 மற்ற நாட்கள். சரியாக 24! எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் புரியும்: வெளிச்சம் கூடக்கூட நாள் கிட்ட வருது. பின்னாளில் சக்கரம் போய்ப் பச்சை இலை வளையம் வந்தது, மெழுகுவர்த்தி நாலாகச் சுருங்கியது. இன்றைக்கு நம்ம ஊர் ஆலயங்களில் ஏற்றும் ஆட்வென்ட் வளையத்துக்கு மூலம் அதுதான்.

அப்போ சாக்லேட் காலண்டர்? அதுவும் ஒரு அம்மாவிடமிருந்து வந்ததாகத்தான் சொல்றாங்க. கெர்ஹார்ட் லாங் சின்னப் பையனாக இருந்தபோது, அவர் அம்மா ஓர் அட்டையில் 24 குட்டி பிஸ்கட்டுகளைத் தைத்துக் கொடுத்து, தினம் ஒன்று சாப்பிடச் சொன்னாராம். வளர்ந்து அச்சகம் நடத்திய லாங், 1900-களின் தொடக்கத்தில் அதை அச்சிட்ட காலண்டராக்கினார். திறக்கிற குட்டிக் கதவுகள் அதற்குப் பிறகு வந்தவை.

சாக்பீஸ், வைக்கோல், வண்டிச் சக்கரம், பிஸ்கட். எல்லாமே வீட்டில் கைக்கு எட்டியவை. திருவருகைக் காலம் என்றாலே காத்திருக்கும் காலம். காத்திருக்கச் சொல்லிப் பிரசங்கம் பண்ணினால் ஏழு வயசுப் பிள்ளைக்கு ஏறாது. அதன் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் ஏறும்.

ஒருநாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். அம்மா டார்ச் வெளிச்சத்தில் கதவுக்குப் பின்னால் நின்று, மிச்சக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் சத்தம் போடாமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் உங்க வீட்டில் யாராவது யாருக்காகவாவது காத்திருந்தால், ஒரு சாக்பீஸ் வாங்கிக் கொடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.