டிரெய்லர் டயருக்குக் காற்றடிக்க எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம்?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் இப்போது சொந்தமாக ஒரு சிறிய கம்ப்ரசர் வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். நல்ல விஷயம்தான். பஞ்சர் கடை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், காற்று குறைந்திருப்பது தெரிந்தும் 'இந்த ஒரு நடை போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று பாரத்தை ஏற்றிவிடுகிறோம். ஆனால் கடைக்குப் போனதும், பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் '150 பி.எஸ்.ஐ.' என்ற எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாறுபவர்களே அதிகம்.

சென்ற அரவைப் பருவத்தில் நான் சந்தித்த ஒரு கரும்பு விவசாயிக்கும் இதுதான் நடந்தது. காருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கரும்பு ஏற்றிய பிறகு ஒரு டயரில் காற்று குறைந்திருப்பதைப் பார்த்துப் பம்பை மாட்டியிருக்கிறார். இருபது நிமிடம் ஓடியும் கேஜ் முள் பெரிதாக நகரவில்லை. பம்பு கொதித்து நின்றுவிட்டது. 'ஓரளவு ஏறியிருக்கும்' என்று கிளம்பியவருக்குப் பாதி வழியில் டயர் வெடித்தது. கரும்பை வேறு வண்டிக்கு மாற்றி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுநாள் ஆகிவிட்டது. வெட்டிய கரும்பு காத்திருந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். டயர், ஆள் கூலி, எடை இழப்பு எல்லாம் சேர்த்தால் நல்ல கம்ப்ரசர் ஒன்றே வாங்கியிருக்கலாம் என்றார்.

அவர் வாங்கிய பம்பு போலி அல்ல. அது கார் டயருக்கானது. நம் தேவைக்கு எது பொருந்தும் என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம்.

அழுத்தம் வேறு, காற்றின் அளவு வேறு

பி.எஸ்.ஐ. என்பது கம்ப்ரசர் எவ்வளவு அழுத்தித் தள்ளும் என்பதைச் சொல்லும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்பது தனி எண். கிணற்று மோட்டாரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்பதும், எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்பதும் வேறு வேறு அல்லவா? அதே போலத்தான்.

டயருக்குத் தேவையான காற்றைக் கணக்கிட எளிய வழி இது: அழுத்தம் ஒவ்வொரு 15 பி.எஸ்.ஐ. ஏறுவதற்கும், டயரின் உள் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு முறை உள்ளே போக வேண்டும்.

டிராக்டர் டிரெய்லர்களில் பரவலாக உள்ள 9.00-16 அளவு டயரின் உள் கொள்ளளவு தோராயமாக 75 லிட்டர். அதற்கான காற்று அழுத்தம் 90 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். காற்று 75-க்கு இறங்கியிருந்தால், திரும்ப 90-க்குக் கொண்டுவர 75 லிட்டர் காற்று போதும். அதுவே டியூப் மாற்றிய டயரை முழுவதும் நிரப்ப ஆறு மடங்கு, அதாவது 450 லிட்டர் தேவை.

இப்போது கம்ப்ரசரைப் பாருங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்பின் பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கலாம். அது எதிரே அழுத்தமே இல்லாதபோது வரும் அளவு. 80, 90 பி.எஸ்.ஐ. எதிர்த்துத் தள்ளும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் ஒரு டயருக்கு ஏழரை நிமிடம். நான்கு டயருக்கு அரை மணி நேரம். இத்தகைய பம்புகள் பலவும் 10, 15 நிமிடம் தொடர்ந்து ஓடினாலே ஓய்வு கேட்பவை.

எனவே டிரெய்லருக்கு வாங்குவோர், 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது 30 லிட்டர் காற்று தரும் கம்ப்ரசரைத் தேர்வு செய்யுங்கள். இதில் ஒரு டயருக்கு இரண்டரை நிமிடம்தான் ஆகும். பெட்டியில் சி.எஃப்.எம். என்று போட்டிருந்தால், 1 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு சுமார் 28 லிட்டர்.

உச்ச அழுத்தமும் முக்கியம். 90 பி.எஸ்.ஐ. டயருக்கு 90 மட்டுமே தரும் கம்ப்ரசர் போதாது. கடைசி 10 பி.எஸ்.ஐ. ஏறவே ஏறாது. டயர் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக, 115 பி.எஸ்.ஐ. அளவாவது தருவதாக இருக்க வேண்டும். கேஜில் பார் என்று இருந்தால், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. 8 பார் என்றால் 116.

உங்கள் டயருக்கு எவ்வளவு?

எல்லா டயருக்கும் 90 அல்ல. டயர் அளவு, பிளை எண்ணிக்கை, ஏற்றும் எடை ஆகியவற்றைப் பொருத்து மாறும். டயரின் பக்கவாட்டில் உச்ச சுமையும் அதற்கான காற்று அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஏற்றும் எடைக்கு எவ்வளவு என்பதை டயர் விற்பனையாளரிடம் உள்ள அட்டவணையில் பார்த்து, டிரெய்லர் பக்கப் பலகையில் பெயின்டால் எழுதி வைத்துவிடுங்கள். டிரைவர் மாறினாலும் குழப்பம் வராது.

டிராக்டர் டயரும் டிரெய்லர் டயரும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். டிராக்டரின் பெரிய பின் டயருக்கு வயலில் 12 பி.எஸ்.ஐ. அளவே போதுமானது. டிராக்டருக்கு நன்றாகக் காற்றடித்த பம்பு டிரெய்லரிடம் தோற்றுப்போவது இதனால்தான்.

நான்கு வகைகள், யாருக்கு எது?

1. சிகரெட் லைட்டர் பம்பு, சார்ஜ் செய்து பயன்படுத்தும் கைப் பம்பு: இருசக்கர வாகனம், கார், டிராக்டர் முன் டயர் ஆகியவற்றுக்கு ஏற்றவை. டிரெய்லருக்கு வாங்க வேண்டாம்.

2. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர்: எங்கும் எடுத்துச் செல்லலாம். கரும்பு வெட்டும் இடம், களம், கொள்முதல் நிலையம் என்று அலைபவர்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் 30 முதல் 45 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். டிராக்டர் ஆல்டர்னேட்டர்கள் பலவும் 36 ஆம்பியர் அளவுள்ளவைதான். எனவே இன்ஜினை ஓடவிட்டு, சற்றே வேகம் கூட்டி வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றடித்தால் அடுத்து வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

3. சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் டேங்க் கம்ப்ரசர்: வீட்டருகே கொட்டகையில் டிரெய்லரை நிறுத்துபவர்களுக்கு இதுவே மலிவான, நீண்ட நாள் உழைக்கும் தேர்வு. 1 எச்.பி. மோட்டார் உள்ளது நிமிடத்துக்கு 50 முதல் 70 லிட்டர் வரை தரும். காலையில் நான்கு டயரையும் பத்து நிமிடத்தில் சரிசெய்து கிளம்பலாம். எர்த் உள்ள பிளக்கில் மட்டும் பயன்படுத்துங்கள்.

4. பெட்ரோல் இன்ஜின் கம்ப்ரசர்: வேகமானது, ஆனால் விலையும் எடையும் பராமரிப்பும் அதிகம். தனி விவசாயிக்குத் தேவையில்லை. பல டிராக்டர்களை வாடகைக்கு விடும் மையங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பொதுவில் வாங்கலாம்.

டேங்க் பெரிதாக இருந்தால் நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். 50 லிட்டர் டேங்க் 115 பி.எஸ்.ஐ.யில் நிரம்பியிருந்தாலும், 90-க்கு இறங்கும் வரை கிடைக்கும் காற்று சுமார் 80 லிட்டர்தான். அதற்குக் கீழே போனால் டயருக்குள் காற்று ஏறாது. அதாவது ஒரு டயரைச் சரிசெய்யும் அளவு. 10 லிட்டர் டேங்கில் 16 லிட்டர்தான் கிடைக்கும். எனவே டேங்கைவிட மோட்டாரும் சிலிண்டரும் தரும் காற்றின் அளவையே முதலில் பாருங்கள்.

கடையில் சோதிப்பது எப்படி?

பெட்டியில் உள்ள எண்களைவிடக் கடிகாரம் உண்மை சொல்லும். முடிந்தால் வெற்று டிரெய்லரோடு கடைக்குப் போங்கள். சரியாகக் காற்று உள்ள ஒரு டயரில், 90-லிருந்து 75-க்கு இறக்குங்கள். பிறகு கம்ப்ரசரை மாட்டி, மீண்டும் 90 வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் வந்தால் வாங்கலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வேண்டாம். கூடவே இவற்றையும் கவனியுங்கள்:

* தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதா? உங்கள் டயர்கள் அனைத்துக்கும் ஆகும் நேரத்தைவிட ஓட்ட நேரம் கூடுதலாக இருக்க வேண்டும்.
* காற்றுக் குழாய் எவ்வளவு நீளம்? பேட்டரியிலிருந்து டிரெய்லரின் கடைசிச் சக்கரம் வரை அளந்துகொண்டு போங்கள். நீளம் போதாவிட்டால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், மின் ஒயரை நீட்டாதீர்கள். 12 வோல்ட்டில் நீண்ட ஒயர் சூடாகும், மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் குறையும்.
* வால்வு வாயைத் தானே கவ்விப் பிடிக்கும் பூட்டு முனை இருக்கிறதா? கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய முனை வேண்டாம்.
* டேங்க் உள்ளதில் சேஃப்டி வால்வும், அடியில் தண்ணீர் வடிக்கும் திருகும் இருக்கின்றனவா?
* உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கிறார்களா?

தனியாக ஒரு கேஜும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்ரசரோடு வரும் கேஜ் அதிர்வில் சீக்கிரம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். டயரை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்துச் சொல்வதும், பார்வையால் மதிப்பிடுவதும் போதாது. பிளை அதிகமுள்ள டயர், 20 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் வெறும் வண்டியில் நிமிர்ந்தே நிற்கும்.

கம்ப்ரசர் இருந்தாலும் காற்றடிக்கக் கூடாத டயர்

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. காற்று மிகவும் இறங்கிய நிலையில் பாரத்தோடு ஓடிய டயருக்கு நீங்களே காற்றடிக்காதீர்கள். அப்படி ஓடும்போது டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி உள்ளே நூல் அடுக்குகள் அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏறும்போது பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும்.

துண்டுகளாகக் கழற்றும் ரிம்மும், ஓரத்தில் இரும்பு லாக் ரிங்கும் உள்ள சக்கரமாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. காற்று இறங்கி ஓடியதில் வளையம் இடம் மாறியிருந்தால், காற்றடிக்கும்போது அது தெறித்து உயிரையே பறிக்கும்.

இதற்கு ஒரு கோடு வைத்துக்கொள்ளுங்கள். உரிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் காற்று இருந்தால் நீங்களே நிரப்பலாம். 90 பி.எஸ்.ஐ. டயருக்கு இது 72. அந்த அளவிலோ அதற்குக் கீழோ இறங்கி ஓடியிருந்தால், பாரத்தை இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே காற்றை முழுவதும் வெளியேற்றி, பஞ்சர் கடையில் டயர், டியூப், ரிம் மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கச் சொல்வது நல்லது. ஆகவே நமக்குத் தேவை, குறைந்த காற்றை உடனுக்குடன் சரிசெய்யும் கம்ப்ரசர். தரையோடு அமுங்கிய டயரைத் தூக்கி நிறுத்தும் கம்ப்ரசர் அல்ல.

காற்றடிக்கும் முறை

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஒரே டயரில் வாராவாரம் குறைந்தால் வால்வு ஊசியையும் டியூபையும் சோதியுங்கள்.

டிராக்டருக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிடுங்கள். வால்வில் முனையைப் பூட்டியதும் டயரின் பக்கச்சுவருக்கு நேர் எதிரே நிற்காமல், வண்டியின் முன்புறமோ பின்புறமோ தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளை அருகே விடாதீர்கள். முடிந்ததும் வால்வு மூடியைத் திருகிவிடுங்கள். மண் புகுந்த வால்வு ஊசி வழியேதான் பெரும்பாலும் காற்று கசிகிறது.

கம்ப்ரசரின் காற்று வடிகட்டியை அறுவடைக் காலத்தில் அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். களத்துத் தூசிக்கு நடுவே அதை ஓட்ட வேண்டாம். டேங்க் உள்ளதில், அன்றைய வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்துப் பலவீனமாகும். எண்ணெய் ஊற்றும் வகை என்றால் அளவு பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கடைக்குப் போகும் முன் உங்கள் டயர் அளவு, உரிய அழுத்தம், டயர் எண்ணிக்கை, பேட்டரியிலிருந்து கடைசிச் சக்கரம் வரையிலான தூரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். டிராக்டர், டிரெய்லர் பராமரிப்பு குறித்த சந்தேகங்களுக்கு அருகிலுள்ள வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.