நிரல் தொகுப்பியின் வண்ணங்களும் குறிப்புரையின் நிலையும்

ஏட்டுச்சுவடியில் மூலமும் உரையும் ஒரே கருமையில் நிற்கும். எழுத்தாணியாற் கீறி மை தடவிய எழுத்துக்கு வேறு நிறம் இல்லை. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று, உரையாசிரியர் காட்டும் மேற்கோள் எது என்பவற்றைப் படிப்போர் தம் புலமை கொண்டே பிரித்துணர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் இதனால் உற்ற இடர்ப்பாடு தமிழுலகம் அறிந்ததே. அச்சு வந்த பின்னர்ச் செய்யுளுக்குப் பெரிய எழுத்தும் உரைக்குச் சிறிய எழுத்தும் வழங்கும் மரபு தோன்றி, அவ்விடர் பெரும்பாலும் நீங்கிற்று. சிற்றெழுத்தில் உள்ளது என்பதனால் உரையைச் சிறுமையுடையதாக எவரும் கருதினாரல்லர்.

இக்காலத்தில் அவ்விடர் வேறொரு வடிவில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. பழைய நூல்களைக் கணிப்பொறியில் குறியீடுகளுடன் உள்ளிடுவோர், நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் 'கோட் எடிட்டர்' என்னும் நிரல் தொகுப்பியையே கைக்கொள்கின்றனர். அத்தொகுப்பி எழுதப்பட்டதை உடனுக்குடன் பகுத்து, ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுக்கும். எவ்வகைக்கு எந்நிறம் என வகுத்த பட்டியலைத் 'தீம்' என்பர். வண்ணத் தொகுதி என நாம் கூறலாம். கணிப்பொறி பொருட்படுத்தாது விட்டுவிடும்படி, படிக்கும் மனிதர்க்கென்றே எழுதப்படும் பகுதிக்கு நிரலாளர் வழக்கில் 'கமென்ட்' என்று பெயர். அதனை ஈண்டுக் குறிப்புரை என்போம்.

சென்ற ஆண்டு எம் முதுகலை மாணவர் சிலர் ஓர் ஏட்டுப் படியை இம்முறையில் உள்ளிட்டனர். ஓரிடத்தில் நிற்பது ரகரமோ காலோ என்பது விளங்கவில்லை. படியெடுத்த மாணவி ரகரம் என்றே எழுதி, 'ஐயம். ஏட்டை மீண்டும் காண்க' என ஒரு குறிப்புரையும் சேர்த்தார். அவர்கள் பயன்படுத்திய வண்ணத் தொகுதியில் கரிய பின்னணியின்மேல் குறிப்புரை மங்கிய சாம்பல் நிறத்தில் தோன்றும். அடுத்துப் பார்த்த மாணவர் அதனைக் காணவில்லை. அவருக்குப் பின் பார்த்த யானும் காணவில்லை. ஐயத்துக்குரிய எழுத்து ஐயமற்ற பாடமாக மெய்ப்பு வரை சென்று, அங்கே தற்செயலாகப் பிடிபட்டது. குறிப்புரையை மங்கச் செய்தல் எப்பொழுது, எக்கருத்தால் தோன்றியது என்று தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

நிரலில் எழுத்தின் தோற்றம் பொருளை உணர்த்தும் கருவியாதல் வண்ணத்திரைக்கு முற்பட்டதாகும். 1960-இல் பீட்டர் நௌர் பதிப்பித்த அல்கால் 60 மொழியின் அறிக்கையில், அம்மொழிக்கே உரிய சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டன. நிரலாளர் தாமே இடும் பெயர்கள் அவ்வாறு அச்சிடப்படவில்லை. ஒரே எழுத்துக் கோவை தடித்து நின்றால் ஒரு பொருளும், தடிக்காது நின்றால் வேறு பொருளும் தருதல் கூடும். மேற்கோள் மொழி, வெளியீட்டு மொழி, பொறிக்குரிய வடிவம் என மூன்று நிலைகளையும் அவ்வறிக்கை வேறுபடுத்திற்று. மூலபாடத்தையும் அதன் படிகளையும் வேறுபடுத்திப் பழகிய நமக்கு இப்பகுப்பு புதியதன்று.

ஆனால் அந்நாளைய பொறிகளில் தடித்த எழுத்து இல்லை. பின் வந்த திரைகளும் நெடுங்காலம் கருமையிற் பசுமை என்னும் ஒருநிறத்தனவாகவே இருந்தன. 1979-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 3279 என்னும் முனையம் ஏழு நிறங்கள் வரை காட்ட வல்லதாயிற்று. நிரற்சொற்களை வகைப்படி வண்ணமிடும் முறைக்கு நாமறிந்த முதல் உரிமை விண்ணப்பம் 1982-இல் அனிதா குளோக், ஜான் சோடாக் என்னும் இருவரால் அளிக்கப்பட்டது. அம்முறை 1983-இல் இன்டெலிவிஷன் என்னும் விளையாட்டுப் பொறியின் துணைக்கருவியில் இடம்பெற்றது. நிரல் கற்கத் தொடங்கும் சிறுவர்க்குத் துணையாதலே அதன் நோக்கம்.

தமிழாய்வாளர் தனியே கருதத்தக்கது அடுத்த நிகழ்ச்சி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1984-இல் தன் பேரகராதியைக் கணிப்பொறிக்குள் கொண்டுவரும் பணியைத் தொடங்கிற்று. 1928-இல் நிறைவெய்திய முதற்பதிப்பையும், 1972 முதல் 1986 வரை வெளிவந்த நான்கு துணைத்தொகுதிகளையும் ஒன்றாக இணைத்தல் வேண்டும். அவ்வகராதியின் ஒரு பதிவு எத்துணைச் சிக்கலானது என்பதை அகராதிப் பணியில் ஈடுபட்டோர் அறிவர். தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, பொருள், ஆண்டும் ஆசிரியர் பெயரும் கூடிய மேற்கோள் ஆகிய யாவும் ஒன்றினுள் ஒன்றாக அடங்கிக் கிடக்கும். அச்சுப் பக்கத்தில் தடிப்பும் சாய்வும் இவற்றைப் பிரித்துக் காட்டின. திரையில் அவை வெறுங் குறியீடுகளாக மாறின. குறியீடுகளுக்கிடையே அகராதி மறைந்தது.

ஐபிஎம் நிறுவனத்திலிருந்து அப்பணிக்கு அனுப்பப்பட்ட மைக் கவுலிஷா, 1985-ஐ ஒட்டி 'லெக்ஸ்' என்னும் தொகுப்பியை இயற்றினார். அகராதியாளர்க்கெனச் செய்யப்பட்டதாதலின் அப்பெயர் பெற்றது. எழுத எழுதவே பாடத்தைப் பகுத்து, உறுப்புகளை வண்ணத்தாலும் எழுத்து வகையாலும் அது வேறுபடுத்திக் காட்டிற்று. அது பற்றிய அவரது கட்டுரை 1987-இல் ஐபிஎம் ஆய்விதழில் வெளியாயிற்று. எழுதும்போதே பகுத்து வண்ணமிடும் தொகுப்பிகளுள் இதுவே முதலாவதாகலாம் எனக் கருதுவர். 1989-இல் அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் நிரலாளர் தமக்கே உரியதெனக் கருதும் இவ்வண்ண முறை, தன் இளம்பருவத்திலேயே சொல்லாராய்ச்சியாளரின் மேசைமேல் இருந்தது என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவது. அம்மேசையில் எவ்வுறுப்பும் மங்கவைத்தற்கு உரியதாக இருந்திருக்க இயலாது. மேற்கோள் மங்கினால் அகராதி ஏது?

தனிக் கணிப்பொறிகளில் இம்முறை பரவியது 1990-களில் ஆகும். டர்போ பாஸ்கல் தன் ஏழாம் பதிப்பில் 1992-இலும், விம் தன் ஐந்தாம் பதிப்பில் 1998-இலும் இதனை மேற்கொண்டன.

2004-இல் வெளிவந்த டெக்ஸ்ட்மேட் என்னும் தொகுப்பி ஒரு பெருமாற்றம் செய்தது. மொழியின் இலக்கணத்தை ஓரிடத்திலும் வண்ணப் பட்டியலை மற்றோரிடத்திலும் வைத்தது. இலக்கணக் கோப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் வகைப்பெயர் சூட்டும்; வண்ணப் பட்டியல் அவ்வகைப்பெயர்க்கு நிறம் கூறும். குறிப்புரை, மாறிலி, திறவுச்சொல், சரம், மாறி முதலாகத் தலைமை வகைகள் 11. அவற்றின்கீழ்க் கிளை வகைகள் பல. பெயர், வினை, இடை, உரி என நான்காக அடக்கிய தொல்காப்பியனார் இதனைக் கண்டால் முறுவலித்திருப்பார். அது நிற்க. நிறம் இலக்கணத்தினின்று பிரிக்கப்பட்டமையால், இலக்கணம் அறியாதவரும் நிறப்பட்டியல் செய்ய வழி திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இவ்வகைப்பெயர் முறையையே மேற்கொண்டது. வண்ணத் தொகுதிகள் பல்கிப் பெருகியதற்கும், எவரும் தமக்கேற்ப அவற்றைத் திருத்திக்கொள்ள இயல்வதற்கும் இப்பிரிவே காரணம்.

அங்ஙனம் தோன்றியவற்றுள் இரண்டினை நோக்குவோம். விமர் ஹேசன்பர்க் 2006-இல் டெக்ஸ்ட்மேட்டுக்கு அமைத்த 'மொனோகாய்' கரிய பின்னணியில் இளஞ்சிவப்பும் பசுமையும் மஞ்சளும் சுடர்விடுவது. அதில் பொது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு ஏறத்தாழ 14:1. குறிப்புரைக்கோ 3:1 அளவே. ஈதன் ஸ்கூனோவர் 2011-இல் வெளியிட்ட 'சோலரைஸ்டு' ஆழ்ந்த ஆராய்ச்சியின் விளைவு. எட்டு மங்கல் நிறங்களும் எட்டுச் சுடர் நிறங்களுமாகப் பதினாறு. கண்ணின் உணர்வை அடிப்படையாகக் கொண்ட சீலேப் என்னும் நிற அளவையில் அவை கணித்து அமைக்கப்பட்டன. இருண்ட பின்னணியினின்று ஒளிர்ந்த பின்னணிக்கு மாறினும் எழுத்துகளின் ஒளிவேறுபாட்டு உறவு மாறாதவாறு இயைக்கப்பட்டன. இவ்வியைபு போற்றத்தக்கது. எனினும், அதன் ஆசிரியர் குறிப்புரையை இரண்டாம் நிலைப் பொருளோடு சேர்த்து எண்ணினார். இருண்ட வடிவில் பின்னணி நிறத்தின் செம்மை, பசுமை, நீல அளவுகள் 0, 43, 54. குறிப்புரையின் அளவுகள் 88, 110, 117. இவற்றைக் கணித்துப் பார்ப்பின் ஒளிவேறுபாடு 2.8:1 அளவே தேறும். ஒளிர்ந்த வடிவில் 2.5:1. வலைப்பக்கங்களின் எழுத்துக்கு 2008-இல் வகுக்கப்பட்ட அணுகல் நெறி வேண்டுவது குறைந்தது 4.5:1. எல்லாத் தொகுதிகளும் இங்ஙனம் என்று கூறுதல் நேர்மையன்று. விஷுவல் ஸ்டுடியோ கோடுடன் வரும் 'டார்க் பிளஸ்' குறிப்புரைக்குப் பசுமை கொடுத்து 5:1 அளவில் நிறுத்துகிறது.

குறிப்புரையை மங்கச் செய்தவர்கள் நெறி தவறினர் என்பது எம் கருத்தன்று. பொறிக்கு வேண்டாதது கண்ணை இடறாதிருத்தல் நன்று என அவர்கள் எண்ணினர். விரைந்து நிரல் திருத்துவோர்க்கு அது பொருந்துவதே. ஆயினும் இதற்கு நேர்மாறான கொள்கை அவர்கட்கு முன்பே, 1984-இல், டொனால்டு நூத் என்பாரால் நிறுவப்பட்டிருந்தது. நிரல் என்பது மனிதர்க்கு விளக்கி எழுதும் இலக்கியம். பொறிக்குரிய கட்டளைகள் அவ்விளக்கத்தின் இடையிடையே வருவன என்பது அவர் துணிபு. 'வெப்' என்னும் தம் முறையில் உரையும் நிரலும் ஒருங்கெழுதி, அச்சுக்கு வேறாகவும் பொறிக்கு வேறாகவும் பிரித்தெடுத்தார். உரையே முதன்மை என்ற அக்கொள்கை வண்ணப் பட்டியல்களில் இடம்பெறாது போனது வருந்தத்தக்கது.

வண்ணத்தால் உண்மையில் பயன் உண்டா என்பதிலும் ஆய்வாளர் ஒருமித்தாரல்லர். அத்வைத் சர்க்கார் 2015-இல் பத்துப் பேரைக் கொண்டு, கண்ணசைவை அளந்து, வண்ணம் புரிதலை விரைவுபடுத்துகிறது என்றும், பயிற்சி மிக்கோர்க்கு அப்பயன் குறைகிறது என்றும் கண்டார். 2018-இல் ஹன்னபாவர் முதலியோர் 390 மாணவரை வைத்து ஆராய்ந்து, தொடக்கநிலையாளர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் யாதும் இல்லை என்றனர். முன்னதினும் பின்னது பெரிய ஆய்வு என்பதை மறத்தல் கூடாது. பின்னணி பற்றிய முடிபு தெளிவானது. பீப்பன்பிராக் முதலியோர் 2013-இல் செய்த ஆய்வில், ஒளிர்ந்த பின்னணியில் இருண்ட எழுத்தே இளையோர்க்கும் முதியோர்க்கும் கூர்மையாகப் புலப்பட்டது. பிழைதிருத்தமும் அதிலேயே சிறந்தது. கரும்பின்னணியை விரும்பும் மாணவர் இதனை ஒப்புவதில்லை. விருப்பம் வேறு, மெய்ப்புப் பார்த்தல் வேறு என்று கூறி வருகிறேன்.

மற்றொன்றும் கருதற்குரியது. வட ஐரோப்பிய மரபினரான ஆடவருள் நூற்றுவர்க்கு எண்மர் அளவில் செம்மை பசுமை வேறுபாட்டை நன்கு உணரார். சோலரைஸ்டின் எட்டுச் சுடர் நிறங்களும் 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட ஒளிர்வினவாதலின், அவற்றை வேறுபடுத்துவது பெரும்பாலும் நிறச்சாயல் ஒன்றே. அச்சாயலை உணராதார்க்கு எஞ்சுவது சிறிதே.

இவற்றையெல்லாம் எண்ணி, எம் மாணவர் பணிக்கென ஒரு தொகுதியைத் திருத்தி அமைத்துக்கொண்டோம். அடிப்படையாகச் சோலரைஸ்டின் ஒளிர்ந்த வடிவத்தையே எடுத்தோம். அதன் பின்னணி பழுப்பேறிய தாளை ஒத்தது. விஷுவல் ஸ்டுடியோ கோடின் அமைப்புக் கோப்பில், தொகுதி முழுவதையும் மாற்றாமல் ஒரு வகையின் நிறத்தை மட்டும் மாற்றி எழுத இடமுண்டு. சுட்டியிடம் உள்ள சொல் எவ்வகைப்பெயர் பெற்றுள்ளது என்று காட்டும் கட்டளையும் அதில் உண்டு. அதனைக் கண்டறிந்த பின்னரே மாற்றுதல் வேண்டும். குறிப்புரைக்கு அத்தொகுதியிலேயே உள்ள கருநீல நிறத்தைக் கொடுத்தோம்; ஒளிவேறுபாடு 12:1 ஆயிற்று. பல தொகுதிகள் குறிப்புரையைச் சாய்வெழுத்தில் காட்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுள் உண்மையான சாய்வெழுத்து இல்லை. நேரெழுத்தையே பொறி சாய்த்துவிடுகிறது. ரகரத்தையும் காலையும் பிரித்தறியப் பாடுபடுவோர் அவ்வெழுத்துகளைச் சாய்த்துப் பார்த்தல் பேதைமையாதலின் அச்சாய்வை நீக்கினோம். குறியீடுகளை மங்கவைத்தோம், மங்குதற்கு உரியவை அவையே.

இம்மாற்றங்களை ஒருவரது கணிப்பொறியில் வைக்காமல் பணிக்கோப்புறைக்குள்ளேயே வைத்தமையால், அக்கோப்புறையைத் திறப்போர் அனைவர்க்கும் ஒரே தோற்றம் கிடைக்கிறது. ஐயப்பாடம் என்னும் குறியீட்டுக்கு முதலில் செந்நிறம் கொடுத்திருந்தோம். மாணவருள் ஒருவர் அச்செம்மையும் பக்கத்துப் பசுமையும் தமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன என்று தயங்கித் தயங்கிக் கூறினார். இப்பொழுது அது நீலமாக உள்ளது. அதன்கீழ் ஒரு கோடும் இட்டுள்ளோம்.