வெளியே உறைபனி... உள்ளே நாற்று! ‘கோல்டு ஃப்ரேம்’ எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் வடகிழக்கு முனையில் இருக்கும் மெய்ன் மாகாணத்தில் மே மாதம் வரைக்கும் உறைபனி விழும். அது முடிந்தபிறகுதான் விதைப்பேன் என்று காத்திருந்தால், செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும் பனி வந்துவிடும். காய்கறிக்கு நடுவில் கிடைப்பது சுமார் 4 மாதம்தான்.

இந்த நெருக்கடிக்கான பழைய பதில்தான் ‘கோல்டு ஃப்ரேம்’. அடிப்பலகை இல்லாத மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான்! பின்பக்கம் 45 செ.மீ., முன்பக்கம் 30 செ.மீ. உயரம் வைத்தால் போதும். சரிவு தெற்கு பார்த்து இருக்கணும். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். ஹீட்டர், கரன்ட் எதுவும் கிடையாது. பகலில் மண் வாங்கிய சூடுதான் ராத்திரி நாற்றைக் காப்பாற்றும்.

மார்ச் கடைசியிலேயே லெட்யூஸ், பசலை, முட்டைகோஸ் விதைக்கலாம். லெட்யூஸ் விதை 5 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாக முளைத்துவிடும். தக்காளி, மிளகாய் அப்படியில்லை. அவற்றை வீட்டுக்குள் வளர்த்து, நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்கத்தான் இந்தப் பெட்டி.

பேருதான் கோல்டு. நாற்றைக் கொல்வதில் குளிருக்குப் போட்டியாக நிற்பது வெயில்! வெளியே 10 டிகிரி இருந்தாலும், பளிச்சென்று வெயில் அடித்தால் மூடிய பெட்டிக்குள் 30-ஐத் தாண்டிவிடும். காலையில் மூடியைத் திறக்க மறந்து வேலைக்குப் போனால், சாயங்காலம் நாற்று வெந்து கிடக்கும். இதற்காகவே மெழுகு அடைத்த சிலிண்டரோடு தானியங்கி ஓப்பனர் விற்கிறார்கள். சூடானால் மெழுகு விரிந்து மூடியைத் தூக்கும்; ஆறினால் மூடி தானாக இறங்கும். இதற்கும் கரன்ட் வேண்டாம்.

கடுங்குளிர் ராத்திரியில் கண்ணாடி மேல் பழைய கம்பளியைப் போர்த்தலாம். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.