பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் வேலை செய்யலாமா?

பகுதி நேர வேலையை நம்பியே நம் பிள்ளைகள் பலர் பிரிட்டனுக்குப் படிக்கச் செல்கிறார்கள். அதன் விதிகளை நாமும் அறிந்திருப்பது அவசியம்.

மாணவர் விசாவில் பட்டப்படிப்பு, மேற்படிப்பு படிப்பவர்கள், வகுப்புகள் நடக்கும் காலத்தில் பொதுவாக வாரத்திற்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடங்களில் பணிபுரிந்தாலும் மொத்தம் 20 மணி நேரம்தான். ஒரு வாரம் 15, மறு வாரம் 25 என்று ஈடுகட்ட முடியாது.

விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். ஆனால் முதுகலை மாணவர்களுக்கு, ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் பொதுவாக விடுமுறையாகக் கருதப்படாது.

சுயதொழிலுக்கு அனுமதியில்லை. சுயதொழில் முறையில் உணவு டெலிவரி செய்வதும் விதிமீறலே. மீறினால் விசா ரத்தாகலாம். படிப்பும் பாதியில் நின்றுவிடும்.

எனவே கல்விக் கட்டணத்திற்கு வழி செய்துவிட்டே பிள்ளைகளை அனுப்புவோம்.