விசிறி இல்லாத பெட்டி

மேசைக் கணினியின் பெட்டிக்கு விசிறி வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது அளவை, அடுத்து விலையை. இரைச்சலைப் பற்றிய நினைப்பு, வீட்டுக்கு வந்து அதைப் பொருத்திய முதல் இரவில்தான் பெரும்பாலும் வருகிறது. கணினி வரலாற்றில் அந்த இரைச்சலை மற்ற எவரையும்விட அதிகமாக வெறுத்தவர் என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸைச் சொல்லலாம். விசிறியே இல்லாத கணினிக்காக அவர் மேற்கொண்ட முயற்சிகளின் கதை, விசிறி வாங்குபவருக்கும் பயன்படக்கூடியது.

முதல் முயற்சி வெற்றி பெற்றது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் II கணினிக்காக ராட் ஹோல்ட் என்ற பொறியாளர், வழக்கமானவற்றைவிட மிகக் குறைவாகச் சூடாகும் மின்வழங்கி ஒன்றை வடிவமைத்தார். வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைத்துவிட்டதால் விசிறிக்கு வேலையில்லாமற் போயிற்று. பின்னாளில் கூடுதல் அட்டைகளைச் செருகிப் பயன்படுத்தியவர்களுக்காக, பக்கவாட்டில் மாட்டும் விசிறியைக் கென்சிங்டன் என்ற நிறுவனம் விற்றது என்பதும் இக்கதையின் ஒரு பகுதியே.

1980இல் அறிமுகமான ஆப்பிள் III இவ்வளவு கொடுத்துவைத்ததாக இல்லை. அதிலும் விசிறி கிடையாது. பெட்டியின் அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை வாங்கி வெளியேற்ற வேண்டும் என்பது திட்டம். ஆனால் சில்லுகள் தம் இருப்பிடங்களிலிருந்து தளரத் தொடங்கின. கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமீது போட்டால் அவை மீண்டும் சரியாக அமரும் என்று வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறப்பட்டது. இறுதியில் ஏறத்தாழ 14,000 கணினிகளை நிறுவனம் இலவசமாக மாற்றித்தர நேர்ந்தது.

பழி முழுவதையும் வெப்பத்தின்மீது போடுவதும் சரியன்று. பெட்டியை வடிவமைத்த ஜெர்ரி மேனாக், வெப்பம் போதுமான அளவு வெளியேறியதைச் சோதனைகள் காட்டின என்றும், குற்றம் தாய்ப்பலகையில் இருந்தது என்றும் வாதிட்டார். அப்பலகையின் மெல்லிய தடங்கள் மிக நெருக்கமாக அமைந்திருந்தது உண்மையே. எப்படியிருப்பினும், ஓசையற்ற அழகிய பெட்டி என்ற ஆசைக்கான விலையை அதை வாங்கியவர்களே முதலில் செலுத்தினார்கள்.

1984இல் வந்த மெக்கின்டாஷிலும் விசிறி இல்லை. 1985இல் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு விலகினார். 1987இல் வெளியான மெக்கின்டாஷ் எஸ்இ விசிறியுடன் வந்தது. அதன் இரைச்சலைப் பற்றிப் புகார்கள் எழவே, பிறகு அமைதியான வேறொரு விசிறி பொருத்தப்பட்டது. நிறுவனத்துக்குத் திரும்பிய ஜாப்ஸ் 2000இல் விசிறியற்ற ஜி4 கியூபை வெளியிட்டார். கண்ணைக் கவர்ந்த அக்கணினியின் உற்பத்தி ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. விலையும் அதற்கு ஒரு காரணம்.

இதற்குப் பின் நடந்ததுதான் வியப்பானது. 2003இல் அதே ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய பவர் மெக் ஜி5இல் விசிறிகள் ஒன்பது! பெட்டியின் உட்புறம் நான்கு வெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தந்த மண்டலத்தின் தேவைக்கேற்ப விசிறிகளின் வேகத்தைக் கணினியே கட்டுப்படுத்தியது. நோக்கம் முன்பு போலவே அமைதிதான். வழிதான் தலைகீழாக மாறியிருந்தது.

இதன் அடிப்படை எளிய இயற்பியல். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும், இரைச்சலும் வெகுவாகத் தணியும். ஆகவே ஒரு விசிறியை விரட்டுவதைவிட, இரண்டை மெல்லச் சுழலவிடுவது நல்லது. 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு இரண்டேகால் மடங்கு. அதே காற்றைத் தள்ள அது நிதானமாகச் சுழன்றாலே போதும்.

எனவே பெட்டியில் இடம் இருக்குமானால் பெரிய விசிறியையே தேர்ந்தெடுக்கலாம். வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும் நான்கு முனை இணைப்பு உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். முன்புறம் குளிர்காற்று நுழையவும், பின்புறம் மேற்பகுதியில் வெப்பக்காற்று வெளியேறவும் வழி இருக்கட்டும். விசிறியை ஒழித்து அமைதி காண முயன்றவர் கடைசியில் வந்து சேர்ந்த இடத்துக்கு, நாம் கடையிலேயே வந்து சேர்ந்துவிடலாம்.